டெஸ்ட் பாசிட்டிவ் என்றதும் மருத்துவக் கோப்பை மூடிவிடாதீர்கள்

மறதி நோய்க்கு வைத்தியம் பார்க்கும் நரம்பியல், மனநல மருத்துவர்களுக்கு,

வணக்கம். லூயி பாடி டிமென்ஷியா (மூளை செல்களில் லூயி உருண்டைகள் எனப்படும் புரதக் கட்டிகள் சேரும் மறதி நோய்) உள்ள அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மகள் எழுதுகிறேன். அவருடைய கோப்பில் முதலில் ஏறிய பெயர் அல்சைமர். அது தப்பு என்று வாதாட வரவில்லை. அல்சைமரும் அவருக்கு இருக்கலாம். ஆனால் அந்தப் பெயர் கிடைத்ததும் தேடுவது நின்றுபோனது. அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

உங்களுக்குத் தெரியாததைச் சொல்லப்போவதில்லை. ஜப்பானிய மருத்துவர் கென்ஜி கோசாகா 1976இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அல்சைமர், பிக், லூயி என மூன்று மறதி நோய்களின் மாற்றங்களும் இருக்கின்றன. மூன்றும் ஒரே நோயாளியின் மூளையில். அதற்குப் பிறகு வந்த மூளைக் கூறாய்வுகளும் இதை மறுக்கவில்லை. லூயி பாடி டிமென்ஷியாவோடு இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் அல்சைமரின் அடையாளமான அமிலாய்டு புரதப் படிவுகள் இருந்தன. பலரிடம் அல்சைமரின் இன்னொரு அடையாளமான டௌ புரத முடிச்சுகளும் சேர்ந்திருந்தன. வயது ஏற ஏற டிடிபி-43 புரதம், ரத்தக்குழாய்ச் சேதம் என்று பட்டியல் நீள்கிறது. ஒரே வீட்டில் மூன்று நான்கு குடித்தனம் மாதிரி. கதவைத் திறக்கிறவர் பெயரை மட்டும் நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. டௌ அதிகமாக இருக்கிறவர்களிடம் லூயியின் முத்திரை அறிகுறிகள் மங்கலாகவே தெரியும். இல்லாத ஆட்களைப் பார்ப்பது, உடல் விறைப்பு, ஒரு நாள் தெளிவு மறுநாள் குழப்பம், இவையெல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளபடி வருவதில்லை. வெளிப்பார்வைக்கு அல்சைமர் போலவே இருக்கும். அல்சைமரைக் கண்டறிய உதவும் முதலாவது ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்காவில் 2025 மே மாதம் அனுமதி கிடைத்திருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அது அமிலாய்டு இருக்கிறதா என்பதற்குத்தான் பதில் சொல்லும். லூயி இல்லை என்று ஒருபோதும் சொல்லாது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அப்பா ஒரு ராத்திரி கூடத்தில் குழந்தைகள் நிற்கிறார்கள் என்று சத்தம் போட்டார். அழைத்துப்போன இடத்தில் கோப்பில் அல்சைமர் என்று பார்த்துவிட்டு, அடங்கட்டும் என்று ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தை ஊசியாகப் போட்டார்கள். விடிந்தபோது உடம்பு மரக்கட்டையாக விறைத்திருந்தது, தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. பிழைத்துக்கொண்டார், பழைய நடை மட்டும் திரும்பவில்லை. லூயி உள்ளவர்களில் இந்த வகை மருந்து கொடுக்கப்பட்டவர்களில் பாதிப்பேர் வரை கடுமையாகப் பாதிக்கப்படலாம் என்பது 1990களிலிருந்தே தெரிந்த சங்கதி. பணியில் இருந்த இளம் டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் கொடுக்கப்பட்ட தாளில் அந்த எச்சரிக்கை இல்லை.

ஆகவே, அமிலாய்டு பாசிட்டிவ் என்று வந்தாலும் நோயாளியின் பக்கத்தில் படுப்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: தூக்கத்தில் கத்துவாரா, கை காலை உதறுவாரா? கனவை உடம்பால் நடித்துக் காட்டும் இந்தத் தூக்கக் கோளாறு, மறதிக்குப் பல வருஷம் முன்பே தலைகாட்டக்கூடியது. எங்கள் அம்மாவைக் கேட்டிருந்தால் கதை கதையாகச் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை. அப்புறம் மலச்சிக்கல், மோப்பம் குறைவது, எழுந்து நின்றால் தலைசுற்றல். இவற்றைக் கேட்க ஸ்கேன் தேவையில்லை.

சந்தேகம் என்ற அளவில் இருந்தாலும் கோப்பின் முதல் பக்கத்தில், மருந்துச்சீட்டில், சிவப்பு மையில் எழுதுங்கள்: ‘லூயி இருக்கலாம், ஹாலோபெரிடால் வேண்டாம்.’ ராத்திரி அவசரப் பிரிவில் எங்களுக்காகப் பேசப்போவது அந்த வரிதான்.

புதிய அமிலாய்டு மருந்துகளைப் பற்றிப் பேசும்போதும் முழுதாகச் சொல்லுங்கள். லெக்கனெமாப் அமிலாய்டைக் குறைக்கும். லூயி உருண்டைகளில் இருக்கும் ஆல்ஃபா சைனுக்ளின் அதன் இலக்கே அல்ல. மூளை வீக்கமும் ரத்தக்கசிவும் வரலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. நகையை அடகு வைப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் குடும்பத்துக்கு இது தெரிய வேண்டும். விலை குறைந்த மறதி நோய் மருந்தான ரிவாஸ்டிக்மின் லூயி உள்ள பலருக்குப் பயன்படுகிறது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. எத்தனை நோய்கள் சேர்ந்திருந்தன என்று முழுமையாகத் தெரிவது மூளையைத் திறந்து பார்க்கும்போதுதான். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மருத்துவ நிறுவனத்தில், இறந்தவர்களின் மூளையைத் தானமாகப் பெற்று ஆராயும் மூளை வங்கி இருக்கிறது. கண் தானம் பற்றிப் பேசப் பழகிய நம் குடும்பங்களிடம் இதைப் பற்றியும் பேசலாம். நீங்கள் தயங்க வேண்டாம். கேட்டால் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

இப்படிக்கு,
ஒரு மகள்