கிண்டிக் காட்டு மண்ணையும் அளக்க வேண்டும்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
வேளச்சேரி, கோட்டூர்புரம் பகுதிக் குடியிருப்போர்,
சென்னை.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: கிண்டி தேசியப் பூங்காவின் மண்ணில் காற்று மாசினால் ஏற்படும் பசுமைக்குடில் வாயு (புவியை வெப்பமாக்கும் வாயு) மாற்றத்தைத் தொடர்ந்து அளக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கிண்டி தேசியப் பூங்கா சுமார் 270 ஹெக்டேர்தான். சர்தார் பட்டேல் சாலை அதை ஒட்டியே ஓடுகிறது. வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளும், கழிவுநீர்க் கால்வாய்களிலிருந்து எழும் அம்மோனியாவும் காற்றோடு போய்விடுவதில்லை. தூசியாகவும் மழையாகவும் காட்டுக்குள் இறங்கி, யாரும் போடாத உரமாக மண்ணில் சேர்கின்றன.

நீர் தேங்காத காட்டு மண்ணில், காற்றிலுள்ள மீத்தேன் என்னும் பசுமைக்குடில் வாயுவை உண்டு வாழும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவை மீத்தேனைச் சிதைக்கப் பயன்படுத்தும் நொதியை, அம்மோனியா மண்ணில் கரைந்து உண்டாகும் அம்மோனியம் மிகுந்தால் அதுவே பிடித்துக்கொள்கிறது. அதனால் மண் மீத்தேனை உறிஞ்சுவது குறைகிறது. அதே நேரத்தில், மிஞ்சிய நைட்ரஜனை வேறு நுண்ணுயிர்கள் நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றி வெளியே விடுகின்றன. இந்த வாயு, நூறு ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கணக்கிட்டால், அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைப் போல 273 மடங்கு வெப்பமூட்டக்கூடியது. அமெரிக்காவின் ஹார்வர்டு காட்டில் நைட்ரஜன் இட்ட மண்ணில் மீத்தேன் உறிஞ்சுதல் குறைந்ததை 1989-லேயே ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அது குளிர்நாட்டுக் காடு. நம்முடையது வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. அதனால்தான் இங்கேயே அளக்க வேண்டும் என்கிறோம்.

நைட்ரஜன் மரத்தை வளர்க்கத்தானே செய்யும் என்று கேட்கலாம். சரி, சில காடுகளில் வளர்க்கும். ஆனால் மரம் சேர்த்த கார்பனின் பலனில் ஒரு பகுதியை மண் விடும் நைட்ரஸ் ஆக்சைடு தின்றுவிடும். அரசின் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தப் பாடுபடும் இந்த நேரத்தில், மரத்தை மட்டும் எண்ணி மண்ணை விட்டுவிட்டால் கணக்கு தவறாகிவிடும்.

எனவே, பூங்காவின் சாலையோர ஓரத்திலும் நடுப்பகுதியிலும் மண்ணின் மேல் மூடிய அளவைப் பெட்டிகளை வைத்து மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, கார்பன் டை ஆக்சைடு மூன்றையும் அளக்க உத்தரவிட வேண்டுகிறோம். பக்கத்திலேயே மழைநீரும் தூசியும் சேகரித்து அதிலுள்ள நைட்ரேட், அம்மோனியம் அளவைப் பார்க்க வேண்டும். ஒரு வருடமாவது செய்தால்தான் பயன். கோடை முடிந்து விழும் முதல் மழையில்தான் நைட்ரஸ் ஆக்சைடு திடீரென எழும். அந்த நாட்களைத் தவறவிடவே கூடாது. அப்புறம் வடகிழக்குப் பருவமழையில் மண் ஊறிக் கிடக்கும்போது, நீர் தேங்காத மண்ணின் கதையே மாறும். ஒப்பிட்டுப் பார்க்க, இதே வகைக் காடு உள்ள கோடியக்கரையிலும் சில பெட்டிகள் வேண்டும். சென்னை ஐஐடி பூங்காவை ஒட்டியே இருப்பதால், அவர்களோடு சேர்ந்து இதைச் செய்வது எளிது.

முடிவுகளைத் தமிழில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவும், பூங்கா ஓரத்தில் குப்பையும் சருகும் எரிப்பதையும், வண்டிகளை இயக்கியபடியே நிறுத்தி வைப்பதையும் இப்போதே தடுக்கவும் கேட்டுக்கொள்கிறோம். எடுக்கும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வேளச்சேரி, கோட்டூர்புரம் பகுதிக் குடியிருப்போர்

இடம்: சென்னை