பட்டையில் எழுதிய கொடுவா

அன்புள்ள மகளுக்கு,

ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரக் கடைகளில் மரப்பட்டையில் எழுதிய மீன் ஓவியங்கள் குவிந்து கிடக்கின்றன, எதை வாங்குவது என்று கேட்டிருந்தாய். நீ அனுப்பிய படத்தில் இருப்பது பாரமுண்டி, நம்மூர்க் கொடுவாவேதான். மழைக்காலம் முடிந்து சமவெளித் தண்ணீர் ஆற்றுக்கு வடியும்போது வாய்க்கால் வாயில் நன்றாக அகப்படும். டார்வினுக்குக் கிழக்கே, மேற்கு ஆர்னம் லாந்தில் வாழும் குன்விங்கு பழங்குடி ஓவியர்கள் இதை வெளித்தோற்றத்தோடு நிறுத்துவதில்லை. முதுகெலும்பு, குடல், கொழுப்பு எல்லாம் தெரிய எழுதுவார்கள். முதலில் ககாடு தேசியப் பூங்காவுக்குப் போய் உபிர் பாறைகளில் எழுதியுள்ள மீன்களைப் பார். கண் பழகட்டும், வாங்குவது பிறகு.

உடம்பை நிரப்பும் மெல்லிய குறுக்குக் கோடுகளுக்கு ‘ரார்க்’ என்று பெயர். அழகுக்குப் போட்டதென்று எண்ணிவிடாதே. சடங்கில் உடம்பில் எழுதும் கோலங்களோடு உறவுள்ளது அது. இன்ன கோலம் இன்ன குலத்துக்கு என்று உரிமை உண்டு. ஆகவே ஓவியர் பெயர், குலம், ஊர், கதை எழுதிய சான்றிதழ் இல்லாததைத் தொடாதே. இந்தோனேசியாவில் செய்த பொருட்களைப் பழங்குடிக் கைவேலை என்று விற்ற ஒரு நிறுவனத்துக்கு 2019இல் நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் போட்டது. ஆர்னம் லாந்தில் கன்பலன்யா என்ற ஊரின் இன்ஜலாக் கலை மையத்தில் வாங்குவது உத்தமம். அங்கே போக அனுமதிச் சீட்டு வேண்டும். மழைக்காலத்தில் வழியில் ஆற்றைக் கடக்கும் காஹில்ஸ் கிராசிங் மூழ்கிவிடும், பார்த்துக் கிளம்பு.

பட்டையின் குணத்தையும் தெரிந்துகொள். யூக்கலிப்டஸ் வகை மரமொன்றில் சாறு ஓடும் மழைக்காலத்தில் உரித்து, தீயில் வாட்டி, பாரம் வைத்துத் தட்டையாக்குகிறார்கள். ஆனாலும் சுருளும் புத்தி போகாது. ஏசி அறையில் காய்ந்து சுருங்கும், ஈரக்காற்றில் விரியும். மேலே நிறமாகப் பூசிய காவிமண்ணும் வெள்ளைக் களிமண்ணும் அதோடு இழுபடாமல் வெடித்து உதிரும். வாங்கும்போதே பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார். நிறம் பொடியாக எழும்பியிருந்தால் விட்டுவிடு. விரலால் தேய்த்துப் பார்க்காதே. பின்பக்கத்தில் மரத்தூள் உதிர்ந்தால் பூச்சி.

வீட்டில் ஏசி காற்றுக்கும் ஜன்னலுக்கும் நேரே மாட்டாதே. வளைவை நிமிர்த்தி ஆணி அடித்தால் பிளந்துவிடும். ஓரங்களில் தாங்கும் கொக்கி போதும். ஈரத்துணி ஆகவே ஆகாது. தூசியை மென்மயிர்த் தூரிகையால், நிறம் கெட்டியாக இருக்கும் இடத்தில் மட்டும் தட்டு.

இத்தனை பாடும் வேண்டாமென்றால், அதே மையத்தில் கெட்டித்தாளில் எழுதியதும் கிடைக்கும். கண்ணாடிச் சட்டம் போட்டுக்கொள்ளலாம், ஊருக்குக் கொண்டுவரவும் சுளுவு. என் ஓட்டு அதற்குத்தான்.

அம்மா