ஒன்பது நாள் பொறுத்திருக்கலாம்

தென்னாப்பிரிக்காவுக்கு ஆட்களை ஆன்சைட் அனுப்பும் இந்திய நிறுவனங்களின் எச்.ஆர். பிரிவினருக்கும் டிராவல் டெஸ்க் நண்பர்களுக்கும் வணக்கம்.

"மும்பையிலும் அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கிறதே, அங்கே போய் இன்டர்வியூ கொடுத்துக்கொள்ளுங்கள்." 2025 மே மாதக் கடைசியில், என் அமெரிக்கக் குடியேற்ற விசா இன்டர்வியூ பற்றி என் கம்பெனியிலிருந்து எனக்கு வந்த மெயிலில் இருந்த வரி இது. எழுதியவர் மேல் இப்போது கோபம் இல்லை. அன்றைக்கு இருந்தது, பொய் சொல்வானேன். அவருக்கு இது பேங்க் கிளையை மாற்றுகிற மாதிரிதான் தோன்றியிருக்கும்.

நடந்ததைச் சொல்கிறேன். என் கணவர் அமெரிக்கக் குடிமகன், டல்லஸில் வேலை. 2023 செப்டம்பரில் மதுரையில் எங்கள் கல்யாணம். அடுத்த மாதமே, மனைவியை அமெரிக்காவில் குடியேற அழைக்கும் ஐ-130 மனுவை எனக்காகப் போட்டார். அதில் என் முகவரி மதுரை, இன்டர்வியூவுக்கு மும்பை. 2024 மார்ச்சில் கம்பெனி என்னை ஜொகன்னஸ்பர்க் அனுப்பியது. நிறுவனத்துக்குள்ளேயே இடம் மாற்றி அனுப்புவதற்கான வேலை விசா அது. அதிகபட்சம் நான்கு வருடம், அதற்கு மேல் நீட்டிப்பு இல்லை, வேறு கம்பெனிக்கும் தாவ முடியாது. என் டீமில், ஜொகன்னஸ்பர்க் பக்கம் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் லெனேசியாவைச் சேர்ந்த ஒருத்தி இருந்தாள். தமிழ் பேச வராது, ஆனால் தைப்பூசத்துக்கு மெல்ரோஸ் கோயிலில் காவடி எடுப்பாள். "எங்கள் கொள்ளுத் தாத்தாவும் அஞ்சு வருஷக் கான்ட்ராக்ட் என்றுதான் மதராஸில் கப்பல் ஏறினார்" என்று என்னைக் கேலி செய்வாள்.

மனு 2024 நவம்பரில் அப்ரூவ் ஆகி, நியூ ஹாம்ஷயரில் உள்ள அமெரிக்க தேசிய விசா மையத்துக்குப் போனது. கட்டணம் கட்டி, டி.எஸ்.-260 என்ற குடியேற்ற விசா விண்ணப்பத்தை நிரப்பி, சான்றிதழ்களை ஏற்றியதும் ஒரு கேள்வி வந்தது: மும்பையா, ஜொகன்னஸ்பர்க்கா? என் தென்னாப்பிரிக்க வேலை விசாவில் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் பாக்கி. இன்டர்வியூவுக்கென்று லீவு போட்டு இந்தியா போவானேன்? தென்னாப்பிரிக்காவில் குடியேற்ற விசா கொடுக்கும் அமெரிக்க அலுவலகம் என் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், ஜொகன்னஸ்பர்க்கின் சாண்டன் பகுதியிலேயே இருந்தது. மாற்றச் சொல்லிக் கேட்டேன். இங்கேதான் குடியிருக்கிறேன் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். அங்கேதான் முதல் சிக்கல். ஃபிளாட் கம்பெனி பேரில் லீஸ், கரண்ட் பில் கம்பெனி பேரில். ஒன்றில்கூட என் பெயர் இல்லை. "இவர் இந்த முகவரியில்தான் தங்கியிருக்கிறார்" என்று ஒரு கடிதம் வாங்க ஐந்து வாரம் ஆனது.

ஒருவழியாக மாறியது. ஜூன் 17 இன்டர்வியூ என்று மே தொடக்கத்தில் கடிதம் வந்தது. போலீஸ் சான்றிதழ் முன்னாடியே தயார். அதற்காக ஸ்டேஷனுக்குப் போய், பத்து விரலிலும் மை தடவிப் பதித்து, நகக்கண்ணில் ஒட்டிய கறுப்பு மூன்று நாள் போகாமல், சாதம் பிசையவே கூச்சமாக இருந்தது. மெடிக்கலும் முடித்துவிட்டேன். ரத்தம், எக்ஸ்ரே, தடுப்பூசி எல்லாம். அப்புறம் கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. புராஜெக்டில் ஆட்களைக் குறைக்கிறார்கள், ஜூன் 6 கடைசி வேலை நாள், 8-ஆம் தேதி டிக்கெட். ஜூன் 16 இளைஞர் தினம், அங்கே விடுமுறை. மறுநாள் என் இன்டர்வியூ. நடுவில் ஒன்பது நாள். என் சொந்த லீவைக் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். பதிலாக வந்ததுதான் மேலே இருக்கும் வரி.

சரி, ஜொகன்னஸ்பர்க் இன்டர்வியூவும் மும்பை இன்டர்வியூவும் ஏன் ஒன்றில்லை? ஃபைல் நான் ஏறுகிற விமானத்தில் என்னோடு வராது. தேதி குறித்த பின் அது அந்த ஊர் அலுவலகத்துக்குச் சொந்தம். மாற்ற மறுபடி விண்ணப்பித்து, அந்த ஊர் வரிசையில் புதிதாக நிற்க வேண்டும். மெடிக்கல், இன்டர்வியூ நடக்கும் நாட்டில் அங்கீகரித்த டாக்டரிடம்தான் செய்ய வேண்டும் என்பதால் ஜொகன்னஸ்பர்க் எக்ஸ்ரே மும்பையில் செல்லாது. திரும்பச் செய்து, திரும்பக் காசு கட்டினேன். விசா மையத்தில் கட்டிய 325 டாலரும் 120 டாலரும் வீணாகவில்லை என்பது மட்டும் ஆறுதல். கடைசியில் நவம்பரில்தான் மும்பைத் துணைத் தூதரகம் இருக்கும் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் போய் நின்றேன். கேள்வி கேட்டு முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஒரு லாபமும் கிடைத்தது, மறைக்கக்கூடாது. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆவதற்குள் அமெரிக்காவில் நுழைந்தால் இரண்டு வருட நிபந்தனை கிரீன் கார்டுதான், பிறகு அந்த நிபந்தனையை நீக்க இன்னொரு மனு. நீங்கள் இழுத்த இழுப்பில் எனக்கு இரண்டு வருடம் தாண்டிவிட்டது, நேராகப் பத்து வருட கார்டு. இதற்காக நன்றி சொல்ல மாட்டேன்.

என் கதை முடிந்தது. ஆனால் சாண்டனில் நாங்கள் இருந்த அதே அடுக்ககத்தில், சனிக்கிழமை சாயங்காலம் ஃபோர்ட்ஸ்பர்க்கில் வாங்கிவந்த கறிவேப்பிலையைப் பங்குபோடும் தமிழ்க் கூட்டத்தில், இன்னும் இரண்டு பேருக்கு இதே மாதிரி மனு ஓடிக்கொண்டிருக்கிறது. 2025 நவம்பர் 1 முதல் விதி இன்னும் இறுகியிருக்கிறது. குடியேற்ற விசாவுக்கு, குடியிருக்கும் நாட்டில் இன்டர்வியூ. கேட்டுக்கொண்டால் குடியுரிமை உள்ள நாட்டில். அபூர்வமான விதிவிலக்கு தவிர மூன்றாவது வழி இல்லை. அதாவது நீங்கள் ஒருவரை எந்த ஊரில் உட்கார வைக்கிறீர்களோ, பெரும்பாலும் அந்த ஊர்தான் அவருடைய விசாவின் ஊர்.

என்னிடம் கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பேப்பர் எல்லாம் சரி என்று விசா மையம் சொல்லும் நாளில் ஆன்சைட் காலம் ஆறு மாதத்துக்கு மேல் பாக்கியிருந்தால் இருக்கும் நாட்டிலேயே இன்டர்வியூவை வை, குறைவென்றால் மும்பையிலேயே விட்டுவிடு. இன்டர்வியூ அன்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், விசா ஒட்டித் திரும்பி வரும்வரை அந்த நாட்டை விட்டு நகர முடியாது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள். ஆனால் அந்த ஆறு மாதக் கணக்கு அவர்கள் கையில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது.

அதனால் லீஸில் எங்கள் பெயரையும் சேருங்கள், இல்லாவிட்டால் முகவரிக் கடிதத்தை ஐந்து நாளில் கொடுங்கள். இன்டர்வியூ கடிதம் கையில் இருப்பவரைத் திருப்பி அழைப்பதானால் பாஸ்போர்ட் திரும்பக் கைக்கு வரும்வரை பொறுங்கள். உங்கள் ஆன்சைட் படிவத்தில் சைவமா அசைவமா, ஜன்னல் சீட்டா நடைபாதை சீட்டா என்றெல்லாம் கேட்கிறீர்கள். அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: வேறு நாட்டு விசா ஏதாவது நிலுவையில் இருக்கிறதா, இன்டர்வியூ எந்த ஊரில்?

இப்படிக்கு,
ஜொகன்னஸ்பர்க்கில் பதினைந்து மாதம் குடியிருந்த மதுரைக்காரி