'பேய் பங்களா' என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், அமெரிக்காவின் டான்வர்ஸ் மனநல மருத்துவமனை அடுக்குமாடிக் குடியிருப்பான கதை வந்திருந்தது. 'பைத்தியங்கள் அலறிய பேய் பங்களாவில் இன்று பணக்காரர்கள் தூங்குகிறார்கள்' என்று ஒரு வரி. அதற்குமேல் படிக்க முடியாமல் மடித்து வைத்துவிட்டேன். மறுநாள்தான் முடித்தேன்.

1878-இல் திறந்த கட்டடம் அது. எல்லா அறைக்கும் வெயிலும் காற்றும் வந்தாலே நோய் தணியும் என்று நம்பிக் கட்டினார்கள். சில நூறு பேருக்கான இடத்தில் பிறகு 2000 பேருக்குமேல் அடைத்தார்கள். அலறல் எதனால் வந்தது என்று தங்களுக்குத் தெரியாததா? 1992-இல் மூடி, 2006-இல் பெரும்பகுதியை இடித்து, முகப்பை மட்டும் விட்டுவைத்து வீடுகள் கட்டினார்கள். அங்கே இறந்தவர்களின் கல்லறைகளில் பெயர் இல்லை, எண் மட்டும். மனநலச் சிகிச்சை பெற்று மீண்டவர்களே பிற்பாடு தேடி அலைந்து அந்தப் பெயர்களை மீட்டார்கள். கட்டுரையில் அதற்கு ஒரு வரி இல்லை.

என் அண்ணன் 1979-இல் திருவனந்தபுரத்து ஊளம்பாறை மனநல ஆஸ்பத்திரியில் இருந்தார். 1956-இல் நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்துவிட்டாலும், சென்னையின் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி எங்கே, நாங்கள் எங்கே? 1870-இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய அந்த ஆஸ்பத்திரிதான் எங்களுக்குப் பக்கம். அம்மா அவித்த மரச்சீனியும் மட்டிப்பழமும் எடுத்துக்கொண்டு தக்கலையில் பஸ் ஏறுவாள். யாராவது கேட்டால், "திருவனந்தபுரத்துல தங்கச்சி வீடு" என்பாள். அம்மாவுக்குத் தங்கச்சியே கிடையாது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயரே 'ஊளம்பாறை'. என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு இடம் இதனால் தட்டிப்போனது. அண்ணனோ எட்டு மாதத்தில் தேறி வந்து, முப்பது வருடம் தையல்கடை நடத்தினார். 2001-இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகியபோது, மூன்று நாள் கடை திறக்கவில்லை.

ஆசாரிப்பள்ளத்தில் காசநோய் ஆஸ்பத்திரி இருந்த வளாகத்தில்தான் இன்று மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கேயும் ஆட்கள் இருமி இருமிச் செத்திருக்கிறார்கள். அதை யாரும் பேய் வீடு என்பதில்லையே!

மூன்று வருடம் முன்பு தங்கள் துணுக்குப் பகுதியில் மனநோயாளியைக் கிண்டல் செய்தபோதும் எழுதினேன். பதில் வரவில்லை. இப்போதும் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. 'பைத்தியம்', 'பேய்' என்ற இரண்டு சொல்லையும் விட்டுவிடுங்கள். இணையப் பதிப்பிலிருந்து அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

அண்ணனுக்கு இப்போது பார்வை சரியில்லை. பேரன்தான் பேப்பர் வாசித்துக் காட்டுகிறான். அந்த ஞாயிறு இணைப்பை நான் ஒளித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
தக்கலை