பல் கூச்சம் வயசானவர்களின் தொல்லை இல்லை, பாப்பா

அன்புள்ள கவிதாவுக்கு,

அப்பா எழுதுவது. குடியாத்தத்தில் எல்லோரும் நலம். வெயில் ஏறிவிட்டது, மதியத்தில் மருந்துக் கடைக்கு ஆள் வருவதில்லை. போனில் பாதியில் விட்டதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஐஸ் தண்ணீர் பட்டால் இடது பக்கப் பல் சுரீர் என்கிறது, அதற்குள் வயசாகிவிட்டதா என்று கேட்டாய். முப்பதுகூட ஆகாத பெண் அப்படிக் கேட்டது எனக்கு மனசே ஆறவில்லை. அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில் பல் கிளினிக்குகளுக்கு வந்த பெரியவர்களை வைத்து 2013-ல் ஓர் ஆய்வு வெளியானது. எட்டுப் பேரில் ஒருவருக்குக் கூச்சம் இருந்தது. அதிலும் 18 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும்தான் அதிகம். ஈறு இறங்கியவர்களுக்கும், வீட்டிலேயே பல்லை வெளுக்க வைப்பவர்களுக்கும்கூட அப்படித்தான்.

பல்லின் மேலே இருக்கும் கெட்டியான எனாமலுக்கு அடியில் டென்டின் என்று ஒரு அடுக்கு உண்டு. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள், அவற்றுக்குள் திரவம். ஈறு இறங்கி வேர்ப்பக்கம் வெளியே தெரிந்தால் குளிரோ இனிப்போ பட்டதும் அந்தத் திரவம் அசைந்து நரம்பைத் தூண்டிவிடும். செங்கல் தூளிலும் கரியிலும் பல் தேய்த்த பெரியவர்கள் கடையில் வாயைத் திறந்து காட்டுவார்கள், ஈறோரம் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருக்கும். நீ தேய்ப்பது பிரஷ்ஷில்தான், ஆனால் அந்தச் சத்தம் பின்கட்டு வரைக்கும் கேட்குமே! வலது கைக்காரர்களுக்கு இடது பக்கம் அழுத்தம் கூடுதலாக விழும் என்பார்கள். மென்மையான பிரஷ் வாங்கிக்கொள், அழுத்தாதே.

காலையில் எலுமிச்சைத் தண்ணீர் குடித்த கையோடு பல் தேய்க்கிறாயாம், அம்மா சொன்னாள். புளிப்பு பட்டதும் எனாமல் கொஞ்ச நேரம் இளகியிருக்கும். வாயைக் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரமாவது பொறு.

அப்புறம், நிச்சயதார்த்தத்துக்குப் பல் வெளுக்க ஆன்லைனில் வாங்கினாயே, பல்லில் ஒட்டும் பட்டை. அதை இப்போது தொடவே வேண்டாம். இருக்கிற கூச்சத்தை அது இன்னும் கிளப்பிவிடும். உன் பல் எனக்கு இப்படியே அழகாகத்தான் இருக்கிறது, மாப்பிள்ளை வீட்டாரும் குறை சொல்லவில்லை.

பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட் கேட்டு வாங்கு. நாலு நாளில் ஒன்றும் கேட்கவில்லை என்று திரும்பி வருபவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். தினம் இரண்டு வேளை விடாமல் தேய்த்தால் இரண்டு முதல் நாலு வாரத்தில்தான் பலன் தெரியும். அம்மா ஆற்காடு மக்கன் பேடா அனுப்பச் சொல்கிறாள். பாகு பட்டால் உனக்குத்தான் அவஸ்தை, கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

ஆனால் பேஸ்ட்டை மட்டும் நம்பி இருந்துவிடாதே. சொத்தை, விரிசல் இருந்தாலும் இப்படித்தான் கூசும். சூடு பட்டு வலி உடனே போகாமல் நீடித்தாலோ, ராத்திரி தூக்கம் கலைந்தாலோ, அது வெறும் கூச்சமாக இருக்காது. இந்த வாரமே பக்கத்தில் ஒரு பல் டாக்டரைப் பார். அவர் என்ன சொன்னார் என்று அன்றைக்கே போன் செய்.

அன்புடன்,
அப்பா