விலை சொல்ல மறுத்தவரைக் கணக்கிலிருந்து நீக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏரிகளின் 'சூழல் சேவை'களை, அதாவது அவை மனிதருக்குத் தரும் பயன்களை, ரூபாயில் மதிப்பிடுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். மதிப்பிட வேண்டும் என்பதில் எங்களுக்கும் உடன்பாடுதான். ஏரிக்கரை மனைக்கு வழிகாட்டி மதிப்பு உண்டு, ஏரிக்கு ஒன்றும் இல்லை என்றால் எது தோற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கணக்கைப் போடும்போது யார் யார் விடுபட்டுப் போகிறார்கள் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. வேடந்தாங்கலை வைத்து அதைச் சொல்கிறோம்.

மதுராந்தகம் பக்கத்தில் இருக்கும் அந்தப் பாசன ஏரி ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள்மீது ஊரார் முறையிட்டு, 1798-ல் கலெக்டரிடம் கவுல் (எழுத்துமூலப் பாதுகாப்பு உரிமை) வாங்கிய ஊர் அது. எச்சம் கலந்த மதகுத் தண்ணீர் பயிருக்கு உரம் என்பது அங்கே தலைமுறை தலைமுறையாக வரும் பேச்சு. பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

முதலில் அந்த உரத்தைக் கணக்கிடுவோம். பறவைகள் நிறைந்திருக்கும் டிசம்பர் முதல் மார்ச் வரை மாதம் ஒருமுறையாவது, வரத்துக்கால்வாய் ஏரியில் சேரும் இடத்திலும் மதகு வாயிலும் ஒரே நாளில் தண்ணீர் எடுக்க வேண்டும். கால்வாய் வறண்டுவிட்டால் பறவை அடையாத பக்கத்து ஏரியை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே பாட்டிலை அமிழ்த்தி, ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்ப்பது நல்லது. இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, நைட்ரேட்டை மட்டும் பார்ப்பது. பாசி அதை ஏற்கெனவே தின்றிருக்கும். தண்ணீர் பச்சையாக இருந்தும் நைட்ரேட் குறைவாக வரும். வடிகட்டாத தண்ணீரில் கெல்டால் முறையில் (பாசி போன்றவற்றில் சேர்ந்திருப்பதையும் அளக்கும் ஆய்வக முறை) வரும் அளவையும் நைட்ரேட்டையும் கூட்டினால்தான் மொத்தத் தழைச்சத்து (நைட்ரஜன்) கிடைக்கும். மழை பெய்த மறுநாள் ஒரே ஒரு மாதிரி எடுத்துவிட்டு 'பறவையால் பயன் இல்லை' என்று எழுதுவதில் அர்த்தமில்லை.

இரண்டு இடத்துக்கும் வித்தியாசம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு போக நெல்லுக்கு ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் பாய்ந்தால் ஏக்கருக்கு 4,047 கன மீட்டர். அதில் வருவது 4 கிலோ தழைச்சத்து. மத்தியகால, நீண்டகால ரகங்களுக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது ஹெக்டேருக்கு 150 கிலோ, அதாவது ஏக்கருக்கு 60. அந்த 4 கிலோவுக்கு ஈடாக யூரியா போட்டால் 8.7 கிலோ வேண்டும். 45 கிலோ மூட்டை ரூ.266.50 என்ற மானிய விலையில் அது ஐம்பது ரூபாய்ச் சொச்சம்! மானியம் நீக்கிய விலையில் போட்டால் அதே எச்சத்தின் மதிப்பு பல மடங்கு கூடும். தண்ணீரும் மாறவில்லை, பறவையும் மாறவில்லை. அறிக்கையில் வரும் எண்ணைத் தீர்மானிப்பது உர மானியம்.

வண்டலில் பிழை எதிர்த்திசையில் நடக்கிறது. ஏரியிலிருந்து நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர் வண்டல் எடுக்கலாம் என்பது அரசு விதி. பரப்பினால் 2 செ.மீ.கூட வராது. கன மீட்டருக்கு 1.2 டன் என்றால் 90 டன். பரிசோதனையில் தழைச்சத்து 0.1 சதவீதம் என்று வந்தால் 90 கிலோ. அந்த 90-ஐயும் அப்படியே யூரியா விலையால் பெருக்கிவிடுகிறார்கள். மண்ணின் கரிமப் பொருளில் பூட்டிக் கிடக்கும் தழைச்சத்தில் ஆண்டுக்கு ஓரிரு சதவீதம்தான் பயிருக்கு விடுபடும். வண்டலின் உண்மையான பயன் மணல்சாரி நிலத்தில் ஈரம் பிடிப்பது. அதற்கு அட்டவணையில் வரிசையே இருக்காது.

இவையெல்லாம் திருத்தக்கூடிய பிழைகள். அடுத்தது அப்படியல்ல.

பறவை பார்க்கும் இன்பத்தை மதிப்பிடப் 'பயணச் செலவு முறை' என்று ஒன்று உண்டு. சென்னையிலிருந்து காரில் வருபவரின் பெட்ரோல், நுழைவுக் கட்டணம், செலவழித்த நேரம் எல்லாம் மதிப்பாகச் சேரும். கரைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து நடந்து வருபவருக்குச் செலவு பூஜ்யம். ஆகவே அவர் தரும் மதிப்பும் பூஜ்யம். இரு நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காத்தவர் கணக்கில் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை வந்து போனவர் வருகிறார்.

இன்னொரு முறை, 'இதைப் பாதுகாக்க ஆண்டுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்?' என்று கேட்பது. ஊரில் பலர் இதற்குத் தொகை சொல்ல மாட்டார்கள். 'எங்க ஏரிக்கு நாங்க எதுக்குங்க காசு குடுக்கணும்?' என்ற மாதிரிதான் பதில் வரும். இதற்கு 'எதிர்ப்புப் பூஜ்யம்' என்று பெயர் வைத்து, சராசரி எடுக்கும் முன் தாளையே ஒதுக்கி வைப்பது இத்துறையில் வழக்கம். புள்ளியியல்படி அதற்கு நியாயம் உண்டு. ஆனால் ஏரியோடு ஆழமான உறவுள்ளவர்கள்தான் அப்படிப் பதில் சொல்கிறார்கள் என்றால், நீக்கப்படுவது யார்?

ஜெர்மனியின் லூனபுர்க் லொய்ஃபானா பல்கலைக்கழகத்தில் நிலைத்தன்மை அறிவியல் பேராசிரியரான பெர்த்தா மார்ட்டின் லோபெஸின் ஆய்வுகள் இங்கேதான் பயன்படுகின்றன. ஸ்பெயினில் 2007 முதல் 2011 வரை 8 இடங்களில் 3,379 பேரை நேரில் கண்டு அவர் குழு கேட்டது. இயற்கை தரும் பயன்களைப் பெரும்பாலோர் அடையாளம் கண்டார்கள். ஆனால் எதை முக்கியம் என்றார்கள் என்பது அவர்களின் சமூக, பண்பாட்டுப் பின்னணிக்கு ஏற்ப மாறியது. அதற்கு முன்பே டொன்யானா சதுப்பு நிலத்தில் செய்த ஆய்வில், ஓர் உயிரினத்தைக் காக்கக் கொடுக்கச் சம்மதித்த தொகைக்குப் பின்னால் அந்த உயிரினத்தோடு இருந்த பழக்கமும் பாசமும் இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள்.

இது ஒருவர் கருத்து மட்டுமல்ல. பல்லுயிரியத்துக்கான பன்னாட்டு அரசுகள் மன்றமான ஐபிபெஸ் 2022-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், அலசிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளில் 74 சதவீதம் இயற்கையை மனிதருக்குப் பயன்படும் கருவியாகவே அளந்தவை; உறவு சார்ந்த மதிப்பை அளந்தவை 6 சதவீதம். முடிவுகளைச் சம்பந்தப்பட்ட மக்களிடமே காட்டிக் கலந்து பேசியவை வெறும் 2 சதவீதம்.

சரி, எப்படிக் கேட்பது? 'சூழல் சேவை' என்ற சொல்லைக் களத்தில் எடுக்கவே கூடாது. 'இந்த ஏரி இல்லாமப் போனா உங்க வீட்டுல என்னென்ன மாறும்?' என்று கேட்டுவிட்டு, சொல்வதைச் சொன்ன வரிசையிலேயே எழுத வேண்டும். படம் காட்டித் தேர்வு செய்யச் சொல்வது அதற்குப் பிறகு. முதலிலேயே காட்டினால் படத்தில் இருப்பதைத்தான் சொல்வார்கள். ஒரு பிரிவில் முப்பது பேருக்குள் புதிய பதில்கள் பெரும்பாலும் நின்றுவிடும். பிரிவு என்றால் ஆயக்கட்டுதாரர் (ஏரிப் பாசனத்தில் நிலம் உள்ளவர்) பட்டியல் மட்டும் இல்லை. தலைமடை, கடைமடை, குத்தகை விவசாயி, நிலமில்லாதவர், மீன் ஏலம் எடுத்தவர், ஆடு மேய்ப்பவர் எல்லாரும் தனித்தனி. பெண்களைப் பெண்களே தனியாகக் கேட்க வேண்டும். டீக்கடையில் உட்கார்ந்து நாற்பது தாளை நிரப்பினால் அது நாற்பது ஆண்களின் கருத்து. நடவு, அறுப்பு நாட்களில் போவதும் வீண். வீட்டில் இருப்பவர் மட்டுமே மாட்டுவார்.

பூஜ்யம் சொன்னவரிடம் 'ஏன்?' என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் போதும். 'கையில் இல்லை', 'எனக்கு அக்கறையில்லை' என்பவை ஒரு வகை. 'இதுக்குப் போய் விலையா' என்பது வேறு வகை. பணத்துக்குப் பதில் 'வருஷத்தில் எத்தனை நாள் கரை வேலைக்கு வருவீங்க?' என்றும் கேட்கலாம். குடிமராமத்து பழகிய ஊர்களுக்கு அந்தக் கேள்வி புரியும். கூலிக்காரருக்கு ஒரு நாள் என்பது ஒரு நாள் சோறு என்பதை மறக்காமல் எடைபோட வேண்டும். வெடி வெடிப்பதைக் கைவிட்டது போல, எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதும் பதிவாக வேண்டும்.

இந்த உறவு கணக்கில் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதைத் தூர்வாரலில் பார்க்கலாம். அட்டவணையில் கொள்ளளவு மட்டும் இருந்தால், பொக்லைன் ஏரியைத் தட்டையாக, ஆழமாக வெட்டும். நாரையும் கொக்கும் கணுக்கால் முதல் முழங்கால் வரையுள்ள தண்ணீரில்தான் இரை தேடும். ஆழத்தில் நீர்க்காகம் போன்றவைதான் மூழ்கி எழும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய தண்ணீர் வயலுக்கும் ஏறாது. வண்டல் தீர்ந்து கிராவல் தெரிந்த பிறகும் லோடு போகிறது என்றால், அங்கே நடப்பது தூர்வாரல் இல்லை. கூடு கட்டும் நாட்டுக் கருவேலத்தையும் கடம்பையும் சுற்றிக் கிளை விரிந்த அளவுக்கு உள்ளே பக்கெட் போகக்கூடாது. வேர் அறுந்த மரம் அடுத்த வடகிழக்குப் பருவக் காற்றில் சாயும். வேலை நடக்க வேண்டியது பறவை போனபின், ஜூன் முதல் செப்டம்பர் வரை.

வேடந்தாங்கல் பறவைகள் இரை எடுப்பதும் அந்த 30 ஹெக்டேரில் இல்லை, சுற்றியுள்ள ஏரிகளிலும் வயல்களிலும்தான். எச்சமாக மதகில் வரும் தழைச்சத்து அடுத்த ஊர் நத்தையிலிருந்தும் மீனிலிருந்தும் வந்தது. 2020-ல் ஏரியைச் சுற்றியுள்ள சரணாலய எல்லையை 5 கி.மீ. ஆரத்திலிருந்து 3 கி.மீ. ஆக்கும் முன்மொழிவு எழுந்தபோது, ஏரியை மட்டும் அளந்த எந்தக் கணக்கும் அதற்குப் பதில் சொல்லியிருக்க முடியாது.

ஏரி மதிப்பீட்டுக்கு அரசு நிதி தரும் துறைகளிடம் ஒன்று கேட்கிறோம். அறிக்கையின் முதல் பக்கத்தில் ரூபாய்த் தொகைக்குப் பக்கத்திலேயே, எத்தனை பேர் விலை சொல்ல மறுத்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்பதையும் அச்சிட வேண்டும். அறிக்கை துறைக்குப் போகும் முன் அந்த ஊர்க் கிராம சபையில் தமிழில் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஏரி ஆய்வுப் பணியில் உள்ளோர்,
செங்கல்பட்டு மாவட்டம்