மோட்டாரில் பழுதில்லை

அன்பு மகன் செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. "கிட்னிக்குத்தானே வைத்தியம், ரத்தம் ஊற எதுக்குப்பா வாராவாரம் ஊசி? ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்திட்டா முடிஞ்சிரும்ல" என்று போனில் கேட்டாய். லைன் விட்டு விட்டு வந்தது, ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை.

சிவப்பணு ஊறுவது எலும்பு மஜ்ஜையில். பெரியவர்களுக்கு இடுப்பெலும்பு, மார்பெலும்பு, விலா, முதுகெலும்பு இவற்றில்தான் பெரும்பாலும். நல்ல உடம்பில் செகண்டுக்கு 20 லட்சம் அணு பிறக்கிறது. சுமார் 120 நாள் ஓடித் தேய்ந்து போகிறது. ஆனால் எவ்வளவு ஊற வேண்டும் என்று கணக்குப் பார்ப்பது கிட்னி. பஞ்சாயத்து டேங்குக்கு 22 வருஷம் மோட்டார் போட்டவன் நான், டாக்டர் சொன்னதும் பிடிபட்டது. ரத்தத்தில் ஆக்சிஜன் மட்டம் இறங்கினால் கிட்னி எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும், மஜ்ஜை வேலையைக் கூட்டும். எனக்கு மோட்டாரில் பழுதில்லை, சுவிட்சு போடத்தான் ஆளில்லை. டயாலிசிஸ் மெஷின் அழுக்கை எடுக்குமே தவிர இதைச் செய்யாது. அதனால் அந்த ஹார்மோனையே ஊசியாகப் போடுகிறார்கள்.

இதைப் பிரித்தெடுத்த கதை தெரியுமா? ரத்தம் ஊறாத ஜப்பான் நோயாளிகளின் சிறுநீர் 2,550 லிட்டர் சேர்த்து, 1977-ல் சிகாகோவில் சுத்தம் செய்து எடுத்தார்கள். தேறியது 10 மில்லிகிராம்கூட இல்லை. அம்மாவிடம் சொன்னேன், "சாப்பிடற நேரத்துல பேசற பேச்சா" என்றாள்.

முதல் மாசம் ஊசி போட்டும் ஏறவில்லை. இரும்புச்சத்து போதவில்லையாம். டியூபில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ரத்தம் தங்கிப் போகிறதே. காப்பி நிறத்தில் ஒரு மருந்தை டிரிப்பில் விட்டார்கள். 7.4 இருந்த ஹீமோகுளோபின் இப்போது 10.3. நேற்று மொட்டைமாடி ஏறி, காய்ந்த துணியை நானே எடுத்து வந்தேன். இதற்கு மேல் ரொம்ப ஏற்றமாட்டார்கள், ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாமாம்.

பிறத்தியார் ரத்தம் ஏற்ற ஏற்ற உடம்பில் எதிர்ப்புப் பொருள் சேரும். பின்னால் யாராவது கிட்னி கொடுத்தாலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். நீ போன மாசம் சொன்னதற்கு நான் இன்னும் சரி சொல்லவில்லை. ஆனாலும் அந்த வழியை அடைக்க மனசு வரவில்லை. லீவில் வா, பேசுவோம்.

ஊசி மருந்து உறையக்கூடாது, வெளியிலும் வைக்கக்கூடாது. ஃபிரிட்ஜில் தோசைமாவுக்குப் பக்கத்தில் டிபன் டப்பாவில் இருக்கிறது. பாப்பா திறந்துவிடுவாள் என்று அம்மா மூடியில் "பாகற்காய்" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள்.

இப்படிக்கு,
அப்பா